நம்பிக்கை வேண்டுமாம்!

படப்பையிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரகடத்தை அடுத்த ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவர். அவர் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நாம் வெளியிடப் போவதில்லை. வெளியிட்டால் கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமும் வராது, அவருக்குத்தான் வேலை போகும் என்பது ஒரு காரணம். அவர் எழுதியுள்ள சங்கதி ஒரு கம்பெனிக்கு மாத்திரம் சொந்தமானதல்ல என்பது மற்றொரு காரணம்.

அவர் எழுதுவதன் சுருக்கம் இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் 46 பேரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் முன்னாலேயே அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம், போடாவிட்டால் அதுவும் இல்லை என்றார்கள். 46 பேரும் போட்டார்கள். அந்த 46 பேரில் ஒருவர், பதினோரு வருஷத்துக்கு முன் நமது தோழரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர். இருவரும் ஒரே தெருக்காரர், ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து போனவர்கள்.

அடுத்த வாரம் மீதியிருந்தவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, ஒரு மனவளப் பேச்சாளரைக் கொண்டு பிரசங்கம் செய்வித்தார்கள். அவர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், நடந்ததை மறக்கச் சொன்னார், நாமெல்லோரும் ஒரே குடும்பம் என்றார். மறுநாள் வாசலில் ஹோமம் நடந்தது, பிரசாதம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. "நிர்வாகத்தின் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது? ஒன்று முதல் பத்துக்குள் மார்க் போடவும்" என்று அதில் கேட்டிருந்தது. தாளின் தலைப்பில் பெயரும் நம்பரும் எழுதவேண்டும்!

எல்லோரும் பத்து போட்டார்கள். நமது தோழரும் பத்துதான் போட்டார். அன்று மாலை படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கினபோது, டீக்கடையில் அந்தப் பழைய சிநேகிதர் நின்றுகொண்டிருந்தாராம். இவர் அவரைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டாராம். "கம்பெனிக்குப் பத்து மார்க் போட்டேன். எனக்கு நான் எத்தனை மார்க் போட்டுக் கொள்வது என்று தாங்கள் எழுதவேண்டும்" என்பதாகக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

எழுதுகிறோம்.

நம்பிக்கை என்றால் என்ன?

நமது பாஷையில் நம்பிக்கை என்கிற ஒரே வார்த்தை இரண்டு வேறு காரியங்களுக்கு வழங்கி வருகின்றது. கண்ணால் காணாததை, கேள்வி கேட்காமல், ருஜு கேட்காமல், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒப்புக்கொள்வது ஒன்று. இதற்குப் பக்தி என்று பெயர். மற்றொன்று வேறு விதமானது. ஒரு மளிகைக் கடைக்காரர் பத்து வருஷமாகச் சரியாக எடை போட்டு வந்திருக்கிறார். ஆகையால் பதினோராவது வருஷத்தில் நாம் தராசைப் பார்க்காமலே சாமானை வாங்கிக்கொண்டு வருகின்றோம். இது அனுபவத்தில் விளைந்த முடிவு. முதலாவது நம்பிக்கையைக் கேட்டும் மிரட்டியும் வாங்கலாம். இரண்டாவதை நடத்தையினால் சம்பாதித்தால்தான் உண்டு.

அந்தக் கடைக்காரர் ஒரு நாள் எடையில் கையை வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவர், "தராசைப் பார்க்காதீர்கள், கண்ணை மூடுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொன்னால் எந்தப் பைத்தியக்காரனாவது ஒப்புக்கொள்வானா? "தராசை என் பக்கம் திருப்பு, படிக்கல்லைக் காட்டு" என்றல்லவா கேட்பான்? அப்படிக் கேட்பவனை மனோவியாதிக்காரன் என்று யாராவது சொல்லுவார்களா?

ஆனால் ஆட்குறைப்புச் செய்த கம்பெனிகள் இதைத்தான் சொல்லுகின்றன. தொழிலாளர்களுக்கு ஊக்கம் குறைந்துவிட்டதாம், நம்பிக்கை தளர்ந்துவிட்டதாம், அதற்கு வைத்தியம் செய்யவேண்டுமாம். நாம் கேட்கின்றோம்: வெள்ளிக்கிழமை காலை வரையில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், மாலையில் 46 குடும்பங்களை நடுத்தெருவில் விட்டவர்களிடம் சந்தேகம் கொள்ளுவது வியாதியா? அதுவல்லவா அறிவு? அடுத்த வெள்ளிக்கிழமை நமக்கும் இதே கதிதானோ என்று நினைப்பவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பவன். அவன் கண்ணை மூடச் சொல்லுவதற்குத்தான் பேச்சாளருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளிகளும் தங்கள் லாபத்தை உத்தேசித்தாவது இதைக் கவனிக்க வேண்டுகிறோம். பயத்தினால் வேலை நடக்கும் என்பது பெரிய தப்பு எண்ணம். ஆட்களைக் குறைத்த இடத்தில் வேலை குறைவதில்லை; போனவர்களின் பாரம் இருப்பவர்களின் முதுகில் ஏறுகின்றது. வேறிடத்தில் வேலை கிடைக்கக்கூடிய கெட்டிக்காரன் முதலில் கிளம்பிவிடுகிறான். மீதியிருப்பவன் தன் கைத்தொழில் நுட்பத்தைப் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கமாட்டான். சொல்லிக் கொடுத்தால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். மிஷினில் கோளாறு கண்டாலும் வாயைத் திறக்கமாட்டான். சொன்னவன் தலையில்தானே பழி விழும்? கடைசியில் மேலதிகாரி காதுக்கு எட்டுவதெல்லாம் பத்துக்குப் பத்து மார்க்குத்தான். எல்லாம் சரியாயிருக்கிறது என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் தொழிற்சாலை படுத்துவிடும்.

விதியும் சந்தையும்

பழைய நாளில் ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்று கேட்டால் புரோகிதன் "பூர்வ ஜென்ம கர்மம்" என்றான். யார் செய்த கர்மம், எந்த ஜென்மத்தில், கணக்கு எங்கே என்று கேட்டால் நாஸ்திகன் என்று பட்டம் கொடுத்தான். இன்றைக்கு வேலை ஏன் போயிற்று என்று கேட்டால் அதிகாரி "சந்தை நிலைமை" என்கிறான். எந்தச் சந்தை, எவ்வளவு நஷ்டம், யாருடைய முடிவு, கணக்கு எங்கே என்று கேட்டால் குழப்பக்காரன் என்று பட்டம் கிடைக்கின்றது. கர்மம் என்பதற்குப் பதிலாகச் சந்தை என்று வந்ததைத் தவிர வேறு வித்தியாசம் என்ன?

ஒரு கம்பெனிக்கு எந்தக் காலத்திலும் நஷ்டமே வராது என்றோ, ஓர் ஆளைக்கூடக் குறைக்கவே கூடாதென்றோ நாம் சொல்ல வரவில்லை. சாமான் விற்காமல் போகலாம், புது மிஷின் வரலாம், ஒரு தொழிலே மறைந்து போகலாம். இவையெல்லாம் காரண காரியத்தோடு நடக்கிறவை. ஆகவேதான் காரணத்தைச் சொல்ல முடியும்; சொல்லவும் வேண்டும். சொல்லக்கூடியதை மறைத்துவிட்டு ஹோமம் வளர்ப்பதைத்தான் பித்தலாட்டம் என்கின்றோம். ஹோமத்தினால் ஆர்டர் வரும் என்றால் 46 பேரை அனுப்புவதற்கு முன்னால் அதை வளர்த்திருக்கலாமே! ஆட்களையும் அனுப்பிவிட்டு நெய்யையும் ஏன் செலவு செய்யவேண்டும்?

"ஒரே குடும்பம்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் கஷ்டம் வந்தால் எல்லோரும் ஒரு பிடி குறைத்துச் சாப்பிடுவார்கள். பெரியவர் மூன்று வேளை நெய்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, கடைசிப் பிள்ளையை மாத்திரம் வீட்டை விட்டுத் துரத்தினால் அதற்குக் குடும்பம் என்று பெயரில்லை. லாபம் வந்த வருஷத்தில் பங்குக்காரர், நஷ்டம் வந்த வருஷத்தில் குடும்பத்தார் என்பது என்ன கணக்கு?

நமது கண்முன் நடந்தவை

படப்பை தோழருக்கு இவையெல்லாம் புதிதல்ல. வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். எந்தக் கம்பெனி பஸ் குறைந்தது என்பதைக் கொண்டே எங்கே வேலை போயிற்று என்று சொல்லிவிடக் கூடியவர்கள் அந்த வட்டாரத்து ஜனங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் வருஷத்தில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் கிராமத்துப் பெண்கள், தங்கள் குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கினது அங்கேதான். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குக் கைமாறிற்று. வரித் தகராறில் சிக்கிக்கொண்ட ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை மாத்திரம் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த வருஷமே நவம்பர் 1-ந் தேதி வேலை நின்றுவிட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வெளியே போய்விட்டார்கள். எப்படித் தெரியுமா? "விருப்ப ஓய்வு" என்கிற பெயரில்! இருபத்தைந்து வயதுப் பெண் தன் விருப்பத்தின் பேரில் ஓய்வு பெற்றாளாம். சதியில் இறங்கினவளும் தன் விருப்பத்தினால்தான் இறங்கினாள் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தார்களல்லவா? வியாக்கியானம் செய்கிறவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே ஜாதிதான் போலும்.

அடுத்தது மறைமலை நகர். ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர் 9-ந் தேதி இந்தியாவில் மோட்டார் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணமும் சொல்லிற்று. நஷ்டத்தைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால், எந்தக் காரைச் செய்வது, என்ன விலை வைப்பது என்று எந்த நாளாவது தொழிலாளியைக் கேட்டதுண்டா? முடிவு அவர்களுடையது, அதன் பலன் மாத்திரம் தொழிலாளிக்கு. நஷ்ட ஈட்டுத் தொகைக்காகத் தொழிலாளர் 2022 மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது.

இப்பொழுது அதே கம்பெனி திரும்பி வருகின்றது. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்காரிடம் உத்தேசக் கடிதம் கொடுத்து, 2025 அக்டோபர் 31-ந் தேதி ஒப்பந்தமும் செய்துகொண்டிருக்கின்றது. 3,250 கோடி ரூபாய் முதல், 2029-ல் இஞ்சின் உற்பத்தி, 600 பேருக்கு மேல் வேலை என்று சொல்லப்படுகின்றது. வரட்டும், சந்தோஷம். ஆனால் யாரை வேலைக்கு எடுப்பார்கள்? 2022-ல் முப்பத்தைந்து வயதில் வெளியே போனவருக்கு 2029-ல் நாற்பத்திரண்டு வயதாயிருக்கும். இஞ்சின் வேலை தெரிந்த அந்தக் கைகளைக் கூப்பிடுவார்களா, அல்லது சங்கம் என்றால் என்னவென்று தெரியாத இருபது வயதுப் பிள்ளைகளை ஒப்பந்தத்தில் எடுப்பார்களா? கம்பெனி நம்பிக்கைக்கு உரியதா என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை. ஆயிரம் பிரசங்கம் செய்யாத காரியத்தைப் பழைய தொழிலாளர் ஜாபிதா ஒன்று செய்துவிடும்.

கணினி உத்தியோகஸ்தர்கள் இதெல்லாம் நீலச் சட்டைக்காரர் பிரச்னை என்று நினைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி உலகெங்குமுள்ள தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாகச் சொன்னபோது சிறுசேரிக்காரர்களுக்கும் தூக்கம் போயிற்று. குளிர்ந்த அறையில் உட்கார்ந்தாலும் கூலி கூலிதான் என்பதை இனியாவது அவர்கள் உணர்வார்களாக.

இது இன்றைய அதிசயமுமல்ல. 1928-ம் வருஷத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி செலவைச் சுருக்குவதற்காக 3,100 பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கவும், பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்க்கவும் ஏற்பாடு செய்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ரயில்களை நிறுத்தினார்கள். அதற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். விடுதலையாகி வந்தபின் அவர் "குடி அரசு" பத்திரிகையில் எழுதின விஞ்ஞானக் கட்டுரைகளும் பொதுவுடைமைக் கட்டுரைகளும் நமது இயக்கத்தாருக்குத் தெரிந்தவை. மூடநம்பிக்கையை ஒழிப்பதும் தொழிலாளி உரிமையைக் கேட்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையே அத்தாட்சி.

தொழிலாளர் குற்றம்

முதலாளியைக் குறைசொல்லி முடித்துவிட்டால் போதாது. நமது தொழிலாளர் பக்கமும் திரும்பிப் பார்க்கவேண்டும்.

வேலை போனவுடன் எத்தனை பேர் சங்கத்துக்குப் போகிறார்கள், எத்தனை பேர் ஜோசியனிடம் போகிறார்கள்? ஏழரைச் சனி என்று ஒருவன் சொல்லுவான். பரிகாரத்துக்கு என்று, கிடைத்த நஷ்ட ஈட்டிலிருந்தே ஒரு பகுதி போகும். இன்னும் கொடுமை ஒன்று உண்டு. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் "கால் வைத்த நேரம்" என்பார்கள். கம்பெனி அமெரிக்காவிலோ ஜப்பானிலோ செய்த முடிவுக்குக் காஞ்சிபுரம் ஜில்லாவில் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் எப்படிப் பொறுப்பாவாள்? அவளும் தையல் மிஷினில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே அந்தப் பழியையும் சுமக்கவேண்டும். முதலாளி செய்த அநியாயத்தைப் பெண்ணின் தலையில் இறக்குகிற இந்த ஈனபுத்தி நம்மைவிட்டுப் போகாதவரையில் முதலாளிக்கு என்ன கவலை?

மற்றொன்று, தொழிற்சாலைக்குள் இருக்கிற வருணாசிரமம். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், தினக்கூலி என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வருணம் என்றால் நிறம் என்று அர்த்தம். பல கம்பெனிகளில் ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு நிறத்தில் சட்டையோ அட்டைக் கயிறோ கொடுத்திருப்பதைப் பார்த்தால் மனு நல்ல மானேஜராக இருந்திருப்பான் என்று தோன்றுகின்றது. ஒப்பந்தக்காரனை நீக்கினபோது நிரந்தரக்காரன் "நமக்கென்ன" என்றிருந்தான். பயிற்சிப் பிள்ளைகளை அனுப்பினபோது ஒப்பந்தக்காரன் சும்மா இருந்தான். கீழ்ப்படியில் இருப்பவனை உதைக்கும்போது மேற்படியில் இருப்பவன் தன்னை உயர்ந்தவன் என்று நினைத்துக் கொள்ளுவதுதான் ஜாதியின் தந்திரம். 1921-ல் சென்னை பின்னி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஜாதியினால் இரண்டுபட்டு, அடித்துக் கொண்டு, கடைசியில் தோற்றார்கள். நூறு வருஷம் ஆகியும் அந்தப் பாடம் நமக்கு ஏறவில்லை. இப்பொழுது வடநாட்டுத் தொழிலாளியைக் காட்டி, "அவனால்தான் உன் வேலை போயிற்று" என்கிறார்கள். அவனைக் குறைந்த கூலிக்குக் கொண்டு வந்தவன் யார் என்று கேட்க ஆள் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

சரி, ஆட்குறைப்பு நடந்துவிட்டது. மீதிப் பேரோடு தொழிற்சாலை நடக்கவேண்டும். போன மதிப்பைத் திரும்பச் சம்பாதிக்க வழி உண்டா என்று ஒரு யோக்கியமான முதலாளி கேட்டால், நாம் சொல்லுவது இவ்வளவுதான்.

முதலாவது, கணக்கைக் காட்டவேண்டும். எவ்வளவு நஷ்டம், ஏன் வந்தது, யார் செய்த முடிவு, இந்த 46 பேரை எந்த விதியின்படி பொறுக்கினார்கள் என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். தப்பு நிர்வாகத்துடையதானால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 

இரண்டாவது, மேலேயிருந்து வெட்டவேண்டும். டைரக்டர்களின் சம்பளமும் போனஸும் அப்படியே இருக்க, பதினெட்டாயிரம் ரூபாய்க்காரனை நீக்கிச் செலவைச் சுருக்கினோம் என்றால் எந்த மடையனும் நம்பமாட்டான்.

மூன்றாவது, இனிமேல் ஆட்குறைப்பு உண்டா இல்லையா என்பதைக் காலம் குறித்து எழுதிக் கொடுக்கவேண்டும். இத்தனை மாதத்துக்கு இல்லை என்று உறுதி சொல்ல முடியுமானால் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் அதையாவது ஒளிக்காமல் சொல்லட்டும். கெட்ட செய்தியைத் தாங்குகிற தெம்பு நமது ஜனங்களுக்கு உண்டு. பொய்யைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

நான்காவது, மறுபடி ஆள் எடுக்கும்போது போனவர்களுக்கே முதலிடம் தரவேண்டும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் சேர்த்த பிரிவுகளிலேயே ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு, கடைசியில் வந்தவர் முதலில் போவது, திரும்ப ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை என்பதெல்லாம் இருந்தன. அந்த முன்னுரிமைக்குக் காலவரம்பு சொல்லப்படவில்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அமுலுக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால்தான் அந்த முன்னுரிமை என்று சுருக்கிவிட்டது. முன்பு 100 பேர் உள்ள தொழிற்சாலையே ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி கேட்கவேண்டும் என்றிருந்ததை 300 பேர் என்று உயர்த்திவிட்டது. நீக்கப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்ளப் பதினைந்து நாள் சம்பளம் தனியாக உண்டு என்கிறது. பதினைந்து நாளில் என்ன தொழில் கற்பது என்று அந்தச் சட்டம் செய்தவர்கள்தான் கற்றுக் காட்டவேண்டும். இவ்வளவு தளர்த்தின பிறகும், அச்சடித்த ராஜினாமாவில் கையெழுத்து வாங்கினால் அந்தச் சட்டத்தையும் ஏமாற்றிவிடலாம் என்பதுதான் விஷயம். தானாக விலகினவனுக்கு எந்தப் பிரிவும் இல்லையல்லவா? ஆகவே அந்தக் காகிதத்தை ஒழிக்காத கம்பெனி நம்பிக்கை என்ற வார்த்தையை உச்சரிக்கவும் யோக்கியதை உடையதல்ல.

ஐந்தாவதும் முக்கியமானதும் சங்கம். ஜெர்மனியில் 1976-ம் வருஷச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஸ்தானம் தொழிலாளர் பக்கத்துக்கு. 2024-ல் வோக்ஸ்வாகன் கம்பெனி முப்பது வருஷமாக இருந்த வேலை உத்தரவாத ஒப்பந்தத்தை ரத்து செய்தபோது, டிசம்பரில் சுமார் லட்சம் பேர் சில மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் ஏற்பட்ட உடன்படிக்கையில் 2030-க்குள் 35,000 ஸ்தானங்களுக்கு மேல் குறைவதற்குத் தொழிலாளர் சம்மதித்தார்கள். சம்பள உயர்விலும் விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் 2030 வரையில் பலவந்தமாக ஒருவரையும் நீக்குவதில்லை என்று எழுதி வாங்கினார்கள். அங்கேயும் ஆட்குறைப்புத்தான், அங்கேயும் கஷ்டந்தான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, கணக்கைப் பார்த்து, பேரம் பேசி ஒப்புக்கொண்டது அது. தொழிலாளி கூலியாளாக அல்ல, பங்காளியாக இருக்கவேண்டும் என்று பெரியார் நெடுங்காலம் சொல்லிவந்தது இதைத்தான்.

இங்கேயோ சங்கம் என்ற பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வருகின்றது. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலைத் தோழர்கள் 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்தது முக்கியமாக எதற்காக? தங்கள் சங்கத்தைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான். 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவு பெற்றது. தன்னோடு சமமாக உட்கார்ந்து பேசுகிறவனை ஒப்புக்கொள்ளாதவன், தன்னை நம்பு என்று மாத்திரம் கேட்டால் அவன் கேட்பது நம்பிக்கை அல்ல, நமஸ்காரம்.

படப்பை தோழருக்கு

நிற்க, நமது தோழரின் கேள்விக்கு வருவோம்.

தோழரே! தாங்கள் அந்தத் தாளில் போட்ட பத்து மார்க்குக்காகத் தங்களை நாம் குற்றஞ்சொல்ல மாட்டோம். பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அபிப்பிராயம் கேட்பது அபிப்பிராயம் கேட்பதல்ல. பிள்ளைகுட்டிக்காரர் பத்துதான் போடுவார். அந்தப் பொய் தங்களுடையதல்ல, கேட்டவனுடையது.

ஆனால் டீக்கடையைப் பார்த்துத் திரும்பி நடந்தீர்களே, அது தங்களுடையது. அதற்கு நாம் மார்க் போட மாட்டோம். காரணத்தை மாத்திரம் சொல்லுகிறோம். தங்களுக்கு வந்தது வெட்கம். அவர் போய்விட்டார், நான் இருக்கிறேன் என்கிற வெட்கம். அவரை நீக்கினவர்களுக்கு வராத வெட்கம் தங்களுக்கு வந்திருக்கின்றது. அது தங்களிடம் சுயமரியாதை இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு ருஜு. அதைக் கொண்டு ஒளிந்து கொள்ளாதீர்கள். இருப்பவன் போனவனைப் பார்க்க வெட்கப்பட்டு, போனவன் இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, இருவரும் இரண்டு தெருவில் நடந்தால் அதைவிட முதலாளிக்கு வேண்டியது வேறில்லை. மீதிப் பேருடைய பயம் அங்கேதான் விளைகின்றது.

ஆகவே நாளை மாலை பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே அந்தக் கடைக்குப் போங்கள். இரண்டு டீ சொல்லுங்கள். அவருக்குக் கிடைக்கவேண்டிய கணக்கு முழுவதும் கிடைத்ததா என்று விசாரியுங்கள். மீதி 45 பேரின் விலாசத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். கம்பெனி மறுபடி ஆள் எடுக்கிற நாளில் அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒன்றாக நின்று, "இவர்கள் முதலில்" என்று கேளுங்கள். ஊக்கம், மனவுறுதி என்று பேச்சாளர் மூச்சை இழுத்துத் தேடச் சொன்னது அந்த இடத்தில்தான் இருக்கின்றது.

நம்பிக்கை வேண்டுமாம்! வேண்டுமானால் தராசை நம் பக்கம் திருப்பட்டும். அதுவரையில் கண்ணைத் திறந்தே வைத்திருப்போம்.